வெள்ளிமலைத் தொட்டிலில் ஒரு பச்சைக் கவுன்

காலை ஆறு ஐந்துக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கச்சிராயபாளையம் போகும் வண்டி ஒன்றுதான் நின்றது. மற்ற வண்டிகள் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த புரட்டாசி மாதம் அது. "போற வரைக்கும் போவும். பாதியில எறக்கி வுட்டா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்தார். ஒரு ரூபாய் நாற்பது பைசா. என் ரெக்சின் பையில் மாற்றுப் புடவை, டேப், கத்தரிக்கோல், ஊசி நூல் டப்பா, பொம்மையைச் சுற்றிக்கொண்டு வர ஒரு மீட்டர் மல் துணி, இவ்வளவுதான் இருந்தன.

இந்த நேரத்தில் எதற்குக் கிளம்பினாய் என்று நீங்கள் கேட்கலாம். அண்ணனும் அதைத்தான் கேட்டார். வெள்ளிமலையில் நர்ஸாக இருக்கும் வசந்தா என்னிடம்தான் வெள்ளைப் புடவைக்கு ரவிக்கை தைப்பாள். அவள் போட்ட கார்டு இது: "அக்கா, இங்க சின்னப்பொண்ணுன்னு ஒருத்திகிட்ட கவுன் பொம்மை இருக்குதாம். நான் பார்க்கவில்லை. மாசக் கடைசியில் எனக்கு மாற்றல். அதற்குள் வந்தால் வாங்கித் தருகிறேன்."

எங்கள் பக்கம் கவுன் என்றால் ஐந்து வயதுப் பெண் குழந்தை போடுவது. முழங்கால் வரை இருக்கும், கை பலூன் மாதிரி உப்பி இருக்கும். அப்படி நூற்றுக்கணக்கில் தைத்திருக்கிறேன். நான் சேர்ப்பது அந்தக் கவுன் போட்ட குழந்தைப் பொம்மை அல்ல. ஒரு முழம்கூட இல்லாத, வளர்ந்த பெண் பொம்மை. இடுப்பு சிறுத்து, குதிகால் எப்போதும் தூக்கியே இருக்கும். அவள் போட்டிருக்கும் கவுன் தோளில் தொடங்காது, மார்பில் தொடங்கித் தரை வரை போகும். வசந்தா எதைச் சொல்கிறாள் என்று தெரியாமல் கார்டைத் திருப்பினேன். முகவரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "கவுன் காலை மறைக்கிறதாம்." அந்த ஒரு வரிக்காகத்தான் கிளம்பினேன்.

என்னிடம் அப்போது பதினோரு பொம்மைகள் இருந்தன. முதல் பொம்மை பாண்டிச்சேரியில் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கப் போனபோது கிடைத்தது. அவர்கள் வியட்நாமில் சைகோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். நீல சாட்டின் கவுனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த வீட்டம்மா, "அது சாயங்காலம் விருந்துக்குப் போட்டுக்கினு போற உடுப்பு" என்றார். சாயங்காலத்துக்கென்று தனியாக ஓர் உடுப்பு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு அப்போது இருபது வயது. இப்போது நாற்பத்துநான்கு. ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினால் நேராக வீடு. கொஞ்சம் நேரமானால் அண்ணன் தெருமுனையில் வந்து நிற்பார்.

கல்யாணமாகாதவள் பொம்மை சேர்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாவம், குழந்தை ஏக்கம் என்பார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. கடைகளில் கேட்டால் "அண்ணன் பொண்ணுக்கு" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணுக்கே இரண்டு குழந்தைகள் ஆகிவிட்டன. இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு இருபதுக்குச் சோமண்டார்குடி தாண்டவில்லை, ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. வெட்டிய இடம் ஈரமாக இருந்தது. இருபது முப்பது ஆண்கள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். இறங்கினேன்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். "எந்தூரும்மா? யாரூட்டு ஆளு?"

சொன்னேன்.

"இன்னா வேலையா மலைக்கு?"

"அண்ணன் பொண்ணுக்குப் பொம்ம வாங்கங்க. நான் டைலர்."

"டைலரா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "டேய், அந்தக் கொடிய எடுத்தாங்க! டைலரம்மா வந்துக்கிறாங்க."

மரம் விழுந்தபோது கிளையில் மாட்டிக் கொடி பாதி கிழிந்திருந்தது. "கிழிஞ்ச கொடியப் புடிச்சிக்கினு கேட்டா கவருமெண்டு குடுக்குமா?" என்றார் துண்டுக்காரர்.

மரத்தின் மேலிருந்து ஒருவர், "கொடியா கிழிஞ்சுது? அவந்தான் மாமியா வூட்டுல பொடவ இழுக்கற மாதிரி இழுத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கிழிசலைச் சேர்த்து, ஓரத்தை மடித்து எம்மிங் செய்தேன். அவர்கள் கேட்பது சரியா தவறா என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. எட்டாவதோடு நின்றவள் நான். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஒன்றைக் கேட்டு நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று பொறாமையாக இருந்தது. நான் எதையும் வாய் திறந்து கேட்டதில்லை.

கொடி தைத்ததற்குக் கூலியாக, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற, கடலை மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கச்சிராயபாளையம். மலைப் பக்கம் மறியல் இல்லை. பத்தரைக்கு மலை பஸ் கிளம்பியது. வெள்ளிமலைக்கு மூன்று ரூபாய். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டேகால் மணி நேரம். வளைவுகள் தொடங்கியதும் காது அடைத்தது. வண்டி முழுக்கக் கடுக்காய்ச் சாக்கின் துவர்ப்பு வாசம். கரியாலூரில் நின்றபோது உள்ளே வந்த காற்று, கீழே மார்கழியில்தான் வரும்.

மாலை நான்கு மணிக்கு வசந்தா என்னைச் சின்னப்பொண்ணு வீட்டுக்கு அழைத்துப் போனாள். சின்னப்பொண்ணு சாமை வயலில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பொம்மையைப் பற்றிக் கேட்டதும் வசந்தாவைப் பார்த்துச் சொன்னாள்:

"இருக்குதுங்க. எங்கம்மா கரியாலூர் பங்களாவுல பெருக்கிக்கினு இருந்தப்ப, வெள்ளக்காரம்மா ஒருத்தங்க குடுத்தது. ஆனா வூட்ல இல்லீங்க. தொட்டில்ல போட்டுட்டேன்."

"எந்தத் தொட்டில்ல?" என்றாள் வசந்தா.

"காளி கோயில் மரத்துலங்க. கொழந்த வரம் கேட்டுக் கட்டுனது. காலையில குளிச்சிட்டு வாங்க, காட்டறேன்."

அன்று வசந்தா வீட்டில் கம்பளிக்குள் படுத்திருந்தும் தூக்கம் வரவில்லை. என்ன நிறமாக இருக்கும் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றதை யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழரை. கோயில் ஊருக்கு வெளியே, ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில். இலுப்பை மரத்தில் இருபது தொட்டில்களாவது தொங்கின. எல்லாம் ஒரு சாண் நீள மரத் தொட்டில்கள். சிலவற்றில் மரப்பாச்சி, சிலவற்றில் வெறும் மஞ்சள் துணி. ஒன்றில் மட்டும் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, குதிகாலைத் தூக்கியபடி. தொட்டில் ஒரு சாண், அவள் ஒன்றேகால் சாண்.

கிட்டே போனேன். முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். மஞ்சளுக்குள்ளிருந்து அவள் கண்கள் ஓரமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. பாட்டில் பச்சை சாட்டின். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒட்டி வந்து, அதற்குக் கீழே மூன்று அடுக்கு நெட் துணியாக விரிந்தது. மழையில் ஒரு பக்கம் வெளுத்திருந்தாலும் தையல் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அப்படி ஒரு கவுனை நான் பார்த்ததே இல்லை. என்னிடம் இருந்த பதினொன்றும் இதற்கு முன்னால் பாவாடைதான்.

வசந்தா காரியத்தில் இறங்கிவிட்டாள். "கட்டி அஞ்சு வருஷம் ஆச்சு இல்ல? ஒண்ணும் நடக்கல. அவுத்துக் குடு சின்னப்பொண்ணு. அக்கா துட்டு குடுப்பாங்க. வேற மரப்பாச்சி வாங்கிப் போட்டுக்க. நீயும் உன் வூட்டுக்காரரும் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நானே கூட்டிக்கினு போறேன்."

சின்னப்பொண்ணு தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டாள். பிறகு, "நர்சம்மா சொன்னா சரிதாங்க" என்று கயிற்றில் கை வைத்தாள்.

மறைக்காமல் சொல்கிறேன். நான் அதற்குள் பையிலிருந்து மல் துணியை எடுத்து விரித்துப் பிடித்திருந்தேன். ஐந்து வருஷத்து மழையில் முடிச்சு இறுகியிருந்தது. அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், முடியவில்லை. எக்கிப் பல்லால் கடித்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"வேணாம்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு முறை, "வேணாம்மா, வுட்டுடு" என்றேன். அது எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது.

"புடிக்கலீங்களா?"

"புடிச்சிருக்கு. ஆனா அதுக்கு இங்க வேல இருக்குது."

வசந்தாவுக்குக் கோபம். "இதுக்கா மறியல்ல பூந்து வந்தீங்க?" என்றாள்.

நான் மரத்தடியில் உட்கார, சின்னப்பொண்ணும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கும் புள்ள இல்லியாக்கா? அதுக்குத்தான் பொம்ம சேக்கறீங்களா?"

வழக்கம்போல ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் முடியவில்லை. "எனக்குப் புள்ள ஆச இல்ல. கவுன் ஆச. இந்த மாதிரி உடுத்திக்கினு அவ சாயங்காலத்துல விருந்துக்குப் போறா. அந்த ஆச."

"சாயங்காலத்துலயா? தனியாவா?"

"தனியாத்தான்."

"அந்த ஊர்ல கரடி இல்லீங்களா?"

வசந்தா சிரித்துவிட்டாள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. அது அவளுக்கு நிஜமான கேள்வி. தொட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு வேண்டியது கவுனு. எனக்கு வேண்டியது தொட்டில்ல ஒரு புள்ள. தொட்டில்ல கெடக்கறதுக்கு எதுக்குக்கா விருந்துக் கவுனு? கொழந்தச் சட்ட தச்சுக் குடுங்க, மாத்திப் போடறேன்."

மல் துணியைத் தரையில் விரித்து வெட்டினேன். கைக்குழந்தைக்குத் தைக்கும் முன் திறப்புச் சட்டை. ஆனால் பொம்மையின் கவுன்மேலேயே போட்டுப் பார்த்தால் மார்பில் பிடித்தது. பிரித்து, இரண்டு பக்கமும் டாட், அதாவது மார்புக்கு இடம் விடும் மடிப்பு, வைத்துத் தைத்தேன். இருபத்துநான்கு வருஷத்தில் கைக்குழந்தைச் சட்டைக்கு நான் டாட் பிடித்தது அது ஒன்றுதான். சின்னப்பொண்ணு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு பொம்மைக்கு உடை மாற்றினாள். அவள் திரும்பியபோது வெள்ளைச் சட்டையில் பொம்மை தொட்டிலில் இருந்தது. நீட்டிய கால்களுக்கும் ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தது. கவுன் என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு வெற்றிலை அளவுகூடக் கனம் இல்லை. பணம் கொடுக்கப் போனேன், சின்னப்பொண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். அந்த மாதமே வசந்தா மாற்றலாகிப் போய்விட்டாள். சின்னப்பொண்ணு பிள்ளை பெற்றுத் தொட்டிலை அவிழ்க்கும் நாள் வந்ததா என்று எனக்குச் சேதி இல்லை.

கச்சிராயபாளையத்தில் பஸ் எதுவும் கிடையாது. ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. ஐந்தரைக்கு அதே புளியமரம். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு மரமும் விழுந்திருந்தது. நான் தைத்த கொடி கிளையில் செருகியிருந்தது.

"டைலரம்மா, பொம்ம கெடைச்சுதா?" என்றார் துண்டுக்காரர்.

"கவுன் மட்டும் கெடைச்சுதுங்க." காட்டினேன்.

"அண்ணம் பொண்ணுக்குப் பத்துமா இது?"

"அண்ணன் பொண்ணுக்கு இல்லீங்க. எனக்கு."

அவர் கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யம்மா, ஒங்களுக்கு இது ஒரு வெரலுக்குத்தான் ஆவும்!" மரத்தின் மேல் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இருட்டப் போவுது. தொணைக்கு ஆளு அனுப்பட்டுமா?"

"வேணாங்க. அஞ்சு கிலோமீட்டர்தான்."

சாலையில் ஒரு வண்டி இல்லை. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. இருபக்கமும் நெல், வெட்டிய மரத்தின் பச்சை வாசம், தூரத்துக் கொட்டகையில் யாரோ வைத்திருந்த ரேடியோ. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி வானம் வெகு நேரம் சிவந்தே இருந்தது. கடையைச் சாத்தி, விளக்கேற்றி, உலை வைக்கும் நேரத்தில் வெளியே இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று நாற்பத்துநான்கு வருஷமாக எனக்குத் தெரியாது. விருந்து ஒன்றும் இல்லை. வேண்டியும் இருக்கவில்லை.

முன்னும் பின்னும் பார்த்தேன். ஆள் இல்லை. கவுனை எடுத்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டேன். சரியாக இருந்தது. கையை வீசி நடந்தபோது நெட் காற்றில் விரிந்து விரிந்து அடங்கியது. கள்ளக்குறிச்சி விளக்குகள் தெரியும் வரை மெதுவாகவே நடந்தேன்.

தெருமுனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா இம்மா நேரம்? அந்த ரோட்ல தனியாவா வந்த?"

"ஆமாண்ணா" என்றேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கவுனைக் கழற்றவில்லை.