குனிந்து பார்த்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா ஆறடிக்கு மேல் உயரம். எதிரில் நிற்பவரின் தலைக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவார். கொட்டகலைப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சித்திரக் கண்காட்சி வைத்தபோது, படங்களைத் தன் கண்ணுக்கு நேராக அவரே மாட்டினார். என் படமும் அதில் இருந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு அம்மா அதைப் பார்க்க ஓடிவந்தாள். நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை.

"எட்டலேன்னா போம்மா. கொழுந்து கிள்ளுறவங்க பார்க்கவா இதெல்லாம் மாட்டியிருக்கு?" என்றார் அவர்.

அம்மா என் படத்தைப் பார்க்காமலேயே லயத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

எட்டு வருடம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் நான் டீச்சரானேன். கண்காட்சி என் பொறுப்பில் வந்தது. அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, அவள் கண்மட்டத்தில் கோடு போட்டு, எல்லாப் படங்களையும் அந்தக் கோட்டில் மாட்டினேன். நாளெல்லாம் மலையில் நின்றவர்கள் உட்கார்ந்து பார்க்க பெஞ்சுகளும் போட்டேன்.

கிளாக்கர் ஐயாவும் வந்தார். படத்துக்குப் படம் முதுகை வளைத்தார். நான் பக்கத்திலேயே நின்று ரசித்தேன்.

"என்னையக் குனிய வைக்கத்தானே இப்படி மாட்டுனீங்க, டீச்சர்?"

"எங்கம்மா பார்க்க மாட்டுனதுங்கய்யா. நீங்க குனியிறது எனக்குக் கூடுதல் லாபம்."

பெஞ்சிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் அடுத்த படத்துக்குக் குனிந்தார்.

மறுநாளும் தனியாக வந்து, கடைசிப் படம் வரை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் வந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் ஓர் ஆணியைக்கூட நான் உயர்த்தவில்லை.