பத்தொன்பது கோரைப்புல்

போன வருடத்துக் கோபம் அம்சவள்ளிக்கு இன்னும் தீரவில்லை. பாகூர் ஏரியில் பறவைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குக் கரையில் வழிகாட்டப் போனவள், கிழக்கு மூலையில் கிடந்த வாத்துகளைத் தானும் எண்ணிச் சொன்னாள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த புகழ்வேந்தன் அந்த எண்ணுக்கு முன்னால் ‘சுமார்’ என்று எழுதிவிட்டான்.

“நான் இன்னா சுமாராவா எண்ணினேன்?” என்று அங்கேயே கேட்டாள். அவன் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். சிரித்து மழுப்பினான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. இருபது வருடமாக நடவு ஆட்களுக்குத் தலைவி. நாற்றங்காலிலிருந்து ஒரு தலைச்சுமைக்கு இருபது கட்டு வரும். சுமை இறங்கியதும் ஒரு நாற்றை உருவி இடுப்பில் செருகிக்கொள்வாள். ஏசுவாள், சிரிப்பாள், எவளோ ஒருத்தியின் மாமியார் கதையை முழுசாகக் கேட்பாள். சாயங்காலம் இடுப்பைப் பார்த்துக் கணக்குச் சொல்வாள். “பாதி வயல் உன் இடுப்புல வூட்டுக்கு வந்துடுது” என்பான் அவள் புருஷன் தணிகைவேல்.

இந்த ஜனவரியில் புகழ்வேந்தன் மயாலென் என்ற பெண்ணை அழைத்து வந்தான். பிரான்சும் ஸ்பெயினும் சேரும் மலைப்பக்கத்துக்காரி. அவள் தாய்மொழி பாஸ்க் என்றான். இந்த முறை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒத்துவந்தால்தான் ‘சுமார்’ இல்லாமல் எழுதலாம் என்றும் சொன்னான்.

“ரெண்டாவது ஆள் நானு” என்றாள் அம்சவள்ளி.

“எண்ணுங்கக்கா. பாத்துடுவோம்.”

ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் அடர்ந்து கிடந்தன. அம்சவள்ளி இருபதுக்கு ஒரு கோரைப்புல்லைக் கிள்ளி இடுப்பில் செருகினாள். காது மட்டும் பக்கத்தில் இருந்தது. மயாலென் தொலைநோக்கியில் கண்ணை வைத்து என்னவோ முணுமுணுத்தாள். ஒவ்வொரு சொல்லும் ‘ஒகெய்’ என்று முடிந்தது. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை வேறு மாதிரி ஒன்று வரும், மறுபடி ஒகெய். நடுவில் ஒரு பருந்து வட்டமிட்டது. மயாலென் நிமிர்ந்து அதைப் பார்த்தாள், பிறகு தொடர்ந்தாள்.

இரண்டு பேரும் முடித்த சமயத்தில் பருந்து தாழ்ந்து வந்தது. வாத்துகள் மொத்தமாக எழும்பித் தெற்கே போய்விட்டன.

மயாலெனின் கணக்கு இருநூற்றெண்பது. அம்சவள்ளியின் புல் பத்தொன்பது. முன்னூற்றெண்பது.

“ஒத்து வரலக்கா. திருப்பி எண்ணவும் வழியில்ல” என்று புகழ்வேந்தன் பேனாவைத் திறந்தான்.

“இரு தம்பி. அது இன்னா ஒகெய் ஒகெய்னு? கேட்டுச் சொல்லு.”

அவன் கேட்டுச் சொன்னான். ஹொகெய் என்றால் இருபது. நாற்பதுக்கு பெர்ரொகெய், இரண்டு இருபது. அறுபது மூன்று இருபது. எண்பது நான்கு இருபது.

“முப்பது?”

“இருபதும் பத்தும்.”

“அட, ஒண்ணரைச் சுமை!” அம்சவள்ளிக்கு முகம் மலர்ந்தது. “அப்ப நூறு அஞ்சு இருபதா?”

“இல்லக்கா. நூறுக்குத் தனியா ஒரு பேரு, எஹுன். அதுக்கப்புறம் மறுபடி இருபதுலேருந்து. இன்னொண்ணு சொல்றாங்க. பதினொண்ணுக்கு ஹமைகாவாம். எண்ணவே முடியாத அளவு இருந்தாலும் ஹமைகான்னுதான் சொல்வாங்களாம்.”

“பதினொண்ணுலயே மூச்சு வாங்கிடுமா?”

அவன் மொழிபெயர்த்ததும் மயாலென் வாய்விட்டுச் சிரித்தாள்.

அம்சவள்ளி சிரிக்கவில்லை. புல்லைத் தரையில் ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று கட்டு, மீதி நாலு புல்.

“எனக்கு மூணு நூறு, நாலு இருபது. கடைசியா அவ இன்னா சொல்லி நிறுத்தினா?”

அவன் கேட்டதும், “லௌரொகெய்” என்றாள் மயாலென். நான்கு இருபது.

“வாலு ஒண்ணாத்தான் இருக்கு. நடுவுல ஒரு நூறுதான் காணல. எத்தினி நூறு ஆச்சுன்றத எங்க வச்சிருந்தா?”

அதையும் அவன் கேட்க, மயாலென் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மெல்லக் கையை இறக்கினாள். பருந்தைப் பார்த்தபோது அப்போதுதான் எஹுன் சொல்லியிருந்தாளாம். அது எத்தனையாவது எஹுன் என்று இப்போது சத்தியம் பண்ண முடியாதாம். எண்பதுக்கு மட்டும் சத்தியம் பண்ணுவாளாம்.

“நான் புல்லக் கூடுதலா செருகல. தப்பிச் செருகியிருந்தாலும் ஒண்ணு ரெண்டுதான் கூடியிருக்கும். சரியா அஞ்சு கூடுமா?” என்றாள் அம்சவள்ளி.

புகழ்வேந்தன் புல்லைக் குனிந்து எண்ணினான். இரண்டாவது தடவையும் எண்ணினான். அம்சவள்ளி அவன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயாலென் தன் தாளில் இருநூற்றெண்பதை அடித்துவிட்டு, அதை அவனிடம் நீட்டினாள். அவன் 380 என்று எழுதினான். முன்னால் ஒன்றும் எழுதவில்லை.

“எண்ணினவங்க பேரு ரெண்டு போடணும்” என்றான்.

“என்னுது மேல போடு.”

மறுநாள் நடவில் முதல் சுமை தொப்பென்று இறங்கியது. “ஹொகெய்” என்று சொல்லி அம்சவள்ளி ஒரு நாற்றை இடுப்பில் செருகினாள்.

குனிந்து நட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்தாள். “யாரடி கூப்புடுற?”

“இருபத. நீ நடு.”

அடுத்த சுமை வந்தது.