வரிக்காகப் பிரித்து வைத்த குடும்பம்

வவுனியாவில் ஒரு கணக்காளரின் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்த காலம். ஒருநாள் காலை யாழ்ப்பாண ரயிலில் வந்த மகேஸ்வரி அக்கா, கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஆர் தம்பி, நான் புருசனை விட்டிட்டன் எண்டு எழுதினது?"

ரைப் அடித்தது நான். சொல்லித் தந்தவர் முதலாளி. அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். இப்படியான நேரங்களில் அவருக்கு எப்போதும் தாகம் எடுக்கும்.

அக்காவின் கணவர் செல்லத்துரையருக்குப் பரந்தனில் அரிசி ஆலை. அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் சீதன வீடும் புகையிலைத் தோட்டமும். வன்னி நுளம்புக் கடிக்குப் பயந்து அவா பரந்தனுக்குக் குடிவரவில்லை. அவர்தான் சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போவார். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்ற எங்கள் வழமை வரிக் கந்தோருக்குப் பொருட்டில்லை. அந்த நாளில் புருஷன் பெண்சாதி வருமானத்தைச் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். பிரிந்து வாழ்ந்தால் மட்டும் தனித்தனி, வரியும் குறைவு.

"நீங்கள் பரந்தனிலை, மனுசி யாழ்ப்பாணத்திலை. பிறகென்ன, பிரிஞ்சுதானே இருக்கிறியள்?" என்று வரிப் பத்திரம் நிரப்பிய அன்று அவரிடம் கேட்டிருந்தார் முதலாளி.

"ஓம், அப்பிடிப் பாத்தால் பிரிவுதான்" என்று சிரித்தபடி செல்லத்துரையர் கையெழுத்துப் போட்டார்.

வரிக் கந்தோர் சும்மா இருக்குமா? உண்மை அறிய ஓர் ஆளை அனுப்பியது. அந்தப் புண்ணியவான் அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. ஒழுங்கையில் வீடு வீடாக விசாரித்தார். மூத்த மகளின் சம்பந்தம் முடிவாகும் நேரம். கதை காதில் விழுந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள், தம்பி" என்றபோதுதான் அக்காவின் குரல் உடைந்தது. "வரி எவ்வளவெண்டாலும் கட்டுறம். நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறம் எண்டு எழுதுங்கோ."

அன்றே புதிதாக எழுதி அனுப்பினோம். இரண்டு வருமானத்தையும் கூட்டிப் போட்ட வரி அறிவித்தல் வந்ததும், செல்லத்துரையர் அதையே கொண்டுபோய் மாப்பிள்ளையின் தகப்பனிடம் நீட்டினார். இருவரும் ஒரே குடும்பம் என்று அரசாங்கமே சொல்லும்போது ஒழுங்கை என்ன சொன்னால்தான் என்ன?

அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டு வரி வரியாக ஆறுதலாக வாசித்தாராம்.

"ஓம், சேர்ந்துதான் இருக்கிறியள். ஆனால் உங்கடை வருமானத்தை எங்களுக்குக் குறைச்செல்லோ சொன்னனீங்கள்?"

கலியாணம் நடந்தது. சீதனம் இரட்டிப்பானது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கணவன் மனைவி சேர்ந்து வாழ்கிறார்களா என்ற கட்டத்தை நிரப்பச் சட்டப் புத்தகம் போதாது. வீட்டில் கலியாண வயதில் பிள்ளை உண்டா என்று முதலில் கேளுங்கள். வரிக் கந்தோரையாவது ஏமாற்றலாம், சம்பந்தியை முடியாது.