கோண்டுவின் பத்தியம்

நாய்களின் தோல் அலர்ஜிக்கு வைத்தியம் பார்ப்பதில் பாதி வேலை மருந்து, மீதி வேலை போலீஸ் விசாரணை. நாய் பொய் சொல்லாது. கூட வருகிறவர்களும் பொய் சொல்வதில்லை. என்னென்ன கொடுத்தோம் என்பதில் பாதி அவர்கள் நினைவுக்கு வராது, அவ்வளவுதான். சொறிகிற நாயோடு குடித்தனம் நடத்தும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஸ்ரீரங்கத்தில் நான் கிளினிக் திறந்த புதிதில் வந்த கோண்டுவின் கதையைக் கேளுங்கள்.

தொட்டியத்துக்கு அனுப்பும் யோசனை

கோண்டு ஒரு லாப்ரடார். காது இரண்டும் சிவந்து, பாதத்தை நக்கி நக்கி முடியெல்லாம் கொட்டிப்போய் வந்தான். ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் சம்பத் சார் சங்கிலியைப் பிடித்திருந்தார். அவர் மனைவி வசந்தா மாமி கோண்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

உண்ணி இல்லை, பூஞ்சை இல்லை. பாலும் தயிர்சாதமும் சப்பாத்தியுமாக வளர்ந்த பிள்ளை என்பதால் சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். மாமி வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"ரெண்டு மாசம் பாப்பேன் டாக்டர். சொறியறது நிக்கலேன்னா தொட்டியத்துல எங்கண்ணாவோட வாழைத்தோப்புக்கு அனுப்பிடுவேன். இவ நன்னா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமோ?"

யாருக்குப் பத்தியம்?

கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் உப்பில்லாமல் வேகவைத்தது, கூடவே நான் தரும் சத்து மருந்து. இரண்டு மாதத்துக்கு வேறு எதுவும் நாக்கில் படக்கூடாது என்றேன். பால், தயிர், நெய், ரஸ்க் என்று நான் அடுக்க அடுக்க மாமியின் முகம் சுருங்கியது. கீழே விழுந்த சப்பாத்தித் துண்டு? கூடாது. சார் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளரை நக்குவானே? அதுவும் கூடாது. "பெருமாள் சாட்சியா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாமி போனார். எனக்கு உதவியாக இருக்கும் ஜமீலா, அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், பத்தியம் நாய்க்கா, இல்ல அந்த வீட்டுக்கேங்களா?"

காலைக் காபியும் கையும் களவும்

மாமி சொன்னபடியே நடந்தார். கோண்டுவுக்கென்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம். டம்ளர்கள் எல்லாம் அலமாரிக்கு மேலே ஏறின. காது மட்டும் சிவப்பு குறையவில்லை. சார் அண்ணாவிடம் பேசி முடித்துவிட்டார் என்று மாமி போனில் அழுதார். வேறு டாக்டரைத் தேடித் திருச்சிக்குள் அவர்கள் போயிருக்கலாம்; போகவில்லை. அனுபவமில்லாத என்னை அவர்கள் நம்பியதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று கோண்டு அடம் பிடித்ததால், காதைச் சுத்தம் செய்ய ஒரு நாள் காலையில் நானே வீட்டுக்குப் போனேன். மாமி காபி கொடுத்தார். அப்போது சார் கோயிலிலிருந்து திரும்பினார், கையில் ஒரு தொன்னை அக்காரவடிசல். வாசலில் கோண்டு காத்திருந்தான். சார் தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் வாயை அவனுக்கு ஊட்டினார். பாலும் நெய்யும் வழிகிற முதல் வாய்! "சார், இது தினமும் நடக்கிறதா?" என்று கத்தியேவிட்டேன். நாயைத் தோப்புக்கு அனுப்ப நின்ற மனிதர், தன் பங்கை அதற்கு ஊட்டாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லையாம். நான் ஏன் கத்தினேன் என்பது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஆமாம். பிரசாதம் எப்படி டாக்டர் சாப்பாடாகும்?"

சங்கிலி கை மாறவில்லை

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெருமாள் பிரசாதத்தைக் கொடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது? மாமிதான் வழி சொன்னார்: திருத்துழாயும் பிரசாதம்தானே? மறுநாளிலிருந்து சார் கொண்டுவந்தது துளசி இலை. முதல் நாள் கோண்டு அதைத் துப்பிவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்று பார்த்தானாம். பிறகு சாரின் முகத்துக்காக மென்றுவிட்டான்.

காதின் சிவப்பு மறைந்தது, பாதத்தில் முடி முளைத்தது. சந்தேகத்தை உறுதி செய்ய ஒருமுறை பால் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். மறுபடி அவனைச் சொறிய விடமாட்டேன் என்பதுபோல சார் சங்கிலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த நேரம் தொட்டியத்திலிருந்து அண்ணா போன் செய்தார், நாயை என்றைக்குக் கொண்டுவருகிறாய் என்று. சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, தோப்புக்கு வேற நாய் பாத்துக்கோ. எங்காத்துப் பிள்ளை பத்தியத்துல இருக்கான், வெளியூருக்கெல்லாம் வரமாட்டான்."

எதனால் அலர்ஜி என்று கண்டுபிடிக்கக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். யாருடைய பாசத்தால் என்று கண்டுபிடிக்க வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபியும் கொடுக்கிற ஊரில் எனக்குத் தொழில் அமைந்தது நான் செய்த புண்ணியம்.