எழுதியவரின் மனநிலை என்ன?

இன்று பழனி பஸ்ஸில் மச்சினிச்சி நித்யாவோடு ஒரு இங்கிலீஷ் பத்தியைப் படித்தேன். நாளை அவளுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் அக்கா, என் மனைவி. அவள் தவறிப்போனபிறகு நான்தான்.

பத்தியில், மனைவியை இழந்த ஒருவர், தான் மிக்ஸியைப் பிரித்து மாட்டியதை எழுதியிருக்கிறார். எழுதியவரின் மனநிலை என்ன என்று கேள்வி.

துக்கம் என்ற சொல்லையே காணோம். "உணர்ச்சி இல்லாத ஆளு" என்றேன்.

"தப்பு மாமா. துக்கம்தான்."

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமாக்கும்? நல்லா ஓடுற மிக்ஸிய எதுக்குப் பிரிக்கிறாராம்? நீங்க நம்ம வீட்டு ஃபேனக் கழட்டிப் போட்டீகள்ல, அது மாதிரிதேன்."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

ஃபேன் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. மாட்டத் தெரியும். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?