ரசத்துக்காக விற்ற வீடு

என் கணவருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும், வலியசாலையில் இருந்த எங்கள் வீட்டைக் கேட்டு முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். வந்தவர் என்று சொல்வதுகூட மிகை. தம் வீட்டு வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"ஆத்தை விக்கறதா இருந்தா எனக்கே கொடுத்துடுங்கோ. தரகன் வேண்டாம், ரிப்பேர் வேண்டாம். இருக்கறபடியே எடுத்துக்கறேன், கேட்டேளா?"

சாலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அவர். பேச்சையும் நிறுத்துத்தான் போடுவார். விலையையும் அப்போதே சொல்லிவிட்டார். நியாயமான விலை. அதுதான் வினையாகப் போயிற்று. அநியாயமாகக் குறைத்துக் கேட்டிருந்தால் என் கணவர் நாலு நாள் பேரம் பேசி, ஜெயித்த சந்தோஷத்தோடு கொடுத்திருப்பார். நியாயமாகக் கேட்டதால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சர்க்கார் கச்சேரியில் மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதுகிற உத்தியோகம் அவருக்கு. எந்த மனுவை எந்தக் காரணத்தால் தள்ளலாம் என்று எழுதி எழுதி, யார் எதைக் கேட்டாலும் அதற்குள் ஒரு சூது இருக்கும் என்கிற ஞானம் அவருக்குச் சித்தித்திருந்தது. உப்பு கடன் கேட்டு வருகிறவளைக்கூட ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்.

அந்த வீட்டின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். தெரு முழுக்கச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மழைக்காலத்தில் எங்கள் கூடத்தில் எங்கெங்கே பாத்திரம் வைக்க வேண்டும் என்பது குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். சமையலறை உத்தரத்தில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதியை ருசி பிடிக்காமல் விட்டுவைத்திருந்தது. கொல்லைக் கதவைத் திறக்க ஓர் உதை, சாத்த இரண்டு உதை. இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாததல்ல. எங்கள் வீடு ஒழுகுகிற சத்தம் பொதுச்சுவர் வழியாக அவர் படுக்கைக்குக் கேட்கும். நாங்கள் பாத்திரம் வைக்க மறந்துபோனால் சுவரைத் தட்டி ஞாபகப்படுத்துவார்.

"இப்படி ஒரு ஆத்தை ஒருத்தர் கண்ணை மூடிண்டு கேக்கறார்னா என்ன அர்த்தம்?" என்றார் என் கணவர்.

அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் கேட்கிறார், நாம்தான் மூடிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. தெருவை அகலப்படுத்தச் சர்க்கார் யோசிக்கிறது, நஷ்டஈடு வரும், அது பலசரக்குக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றார். அந்த யோசனையை நடத்த வேண்டிய கச்சேரியிலேயே தாம் வேலை பார்க்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார். அப்புறம் புதையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்திலிருந்து பலசரக்குக்காரரும் மரியாதைக்குப் பதிலுக்குத் தட்டினார்.

நான் மூளையைக் கசக்காமல் கொல்லைப்புறமாகப் போய் அந்த வீட்டு மாமியையே கேட்டுவிட்டேன். மாமி மறைக்கவில்லை.

"என் மாட்டுப்பொண் வெக்கற ரசம் எனக்கு ஆகல்லை. நான் வெக்கறது அவளுக்கு ஆகல்லை. பிள்ளை ரெண்டையும் சாப்பிட்டு வயிறு கெட்டுக் கெடக்கான். அவளுக்குன்னு தனி அடுப்பு வேணும். தூரத்துக்கு அனுப்பவும் எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்டி."

இதை வந்து சொன்னபோது என் கணவர் சிரித்தார். ரசத்துக்காக ஒருவர் வீடு வாங்குவாராம், அதை நான் நம்பிவிட்டேனாம். புதையலை நம்பியவருக்கு ரசத்தை நம்ப முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மோப்பம் பிடித்து ஒரு தரகர் வந்து சேர்ந்தார். வீடு என்பது கல்யாணப் பெண் மாதிரி, அலங்காரம் செய்யாமல் யாராவது பெண் பார்க்கக் கூப்பிடுவார்களா என்று கேட்டார். ஓட்டைப் பிரித்து மாற்றி, உத்தரத்தையும் மாற்றி, வெள்ளையடித்து நிறுத்தினால், தமக்குத் தெரிந்த ஒரு ஓவர்சியர் பலசரக்குக்காரரைவிட எவ்வளவோ கூடுதலாகத் தருவார் என்றார். ஓவர்சியர் என்றதும் என் கணவரின் முகம் பளிச்சென்று ஆயிற்று. பருப்பு விற்கிறவருக்குக் கொடுப்பதைவிட உத்தியோகஸ்தருக்குக் கொடுப்பது வீட்டுக்கே கௌரவம் என்று நினைத்திருப்பார். அந்த ஓவர்சியரை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

தரகரே ஒரு மேஸ்திரியை அனுப்பினார். எடவப்பாதி மழைக்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு மேஸ்திரி என் கணவரைப் பார்த்து மலையாளத்தில் பதில் சொன்னார்: "பேடிக்கண்டா சாமி, மழ வரில்லா." பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடத்து ஓடுகளையெல்லாம் இறக்கி முற்றத்தில் அழகாக அடுக்கினார். மறுநாள் மழை வந்தது. மேஸ்திரி வரவில்லை.

இனிமேல் பாத்திரம் வைக்கிற கவலை இல்லை. எந்த இடத்தில் வைத்தாலும் சரியான இடமாகத்தான் இருந்தது. அரிசிப்பானையையும் குழந்தைகளையும் சமையலறைக்குள் தள்ளி, தின்னப்பட்ட உத்தரத்தின் கீழே நாங்கள் குந்தியிருந்தபோது, பலசரக்குக்காரர் குடையோடு வந்தார். கூடத்துக்குள் நுழைந்த பிறகும் குடையை மடக்கவில்லை.

தலையை நிமிர்த்தி மேலே நன்றாகப் பார்த்துவிட்டு, "நான் சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கு" என்றார்.

என் கணவருக்குக் கச்சேரி புத்தி அந்த மழையிலும் விடவில்லை. "இருக்கறபடின்னா, அப்போ இருந்தபடியா, இப்போ இருக்கறபடியா?" என்று கேட்டார்.

"எப்படி ஆனாலும் அதே விலைதான். ஓட்டை நானும் இறக்கத்தான் வேணும். அந்தக் கூலியை நீங்க கொடுத்துட்டேள். ஒண்ணே ஒண்ணு, இனிமே அந்த மேஸ்திரி எதையும் ரிப்பேர் பண்ணப்படாது."

என் கணவர், கூரையில்லாத கூடத்தில் நின்றுகொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அதுவரை நான் வீட்டு விஷயத்தில் அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வாய் திறந்தவளல்ல. "கொடுத்துடறோம் மாமா" என்றேன். தம் கையெழுத்தில்லாமல் ஓர் உத்தரவு வெளியே போய்விட்டதைப் போல என் கணவர் என்னைப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை. பலசரக்குக்காரர் தலையசைத்துவிட்டு, எங்கள் இரண்டு குழந்தைகளையும் குடைக்குள் அணைத்துத் தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

என் கணவர் கோபித்துக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன்.

"நான் பொறந்த ஆத்துல இன்னொருத்தர் ரசம் வெக்கப் போறா" என்றார்.

அத்தனை நாளாக அவர் தேடிய புதையலுக்கும் நஷ்டஈட்டுக்கும் நான் மனசுக்குள் எவ்வளவோ சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நனையாத துண்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

பத்திரம் பதிவான அன்று தரகர் வந்து தமக்குச் சேர வேண்டியதைக் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, ஓடு இறக்கிய பிறகுதானே வியாபாரம் முடிந்தது என்றார். அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. பலசரக்குக்காரர் அவரிடம் பேசி அனுப்பிவைத்தார். அதற்கும் கூலி கேட்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். முதல் மழையிலேயே அதுவும் ஒழுகியது. என் கணவர் என்ன செய்யப் போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒழுக்காக நின்று பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லக் கிளம்பினார். அவர் அவ்வளவு உற்சாகமாக வீட்டைவிட்டு வெளியே போய் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.