தெருவைத் தாண்டாத செய்தி

எங்கள் கூடத்தில் அந்தச் சிவப்புத் தொலைபேசி இன்னும் இருக்கிறது. இணைப்பைத் துண்டித்து வெகுநாளாகிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். தூக்கிப்போட்டால் எல்லாவற்றையும் வசதியாக மறந்துவிடுவேன் என்பதே உண்மை. என்னை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் தங்கள் விண்ணப்பங்களில் என் எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக்கொள்வார்கள். அழைப்பு வந்தால் நான் போய்க் கூட்டிவர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். என்னைக் கேட்பதெல்லாம் கிடையாது. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் மட்டும் கேட்டுவிட்டு எழுதினாள். அவள் வேலை பார்த்த தட்டச்சுப் பள்ளி காலியாகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு நேர்முகம். சான்றிதழ்களோடு வர வேண்டும். நானோ அலுவலக ஆண்டுமலருக்கு, ஊருக்கு ஊர் தொலைபேசி போனால் நாடு எப்படி நிமிரும் என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியம் ஒன்று பாதியில் நின்றது. முடித்துவிட்டுப் போகலாமென்று செய்தியைத் தாளின் ஓரத்தில் குறித்தேன். வாக்கியம் அழகாக முடிந்தது. அந்தத் திருப்தியில் தூங்கிப்போனேன். செவ்வாய்க்கிழமை பிழை திருத்தும்போதுதான் ஓரக்குறிப்பு கண்ணில் பட்டது.

அன்று மாலை அவள் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?"

"இல்லம்மா. வந்தா ஓடியாந்து சொல்ல மாட்டனா?"

"தெரியும்ணா. சும்மா கேட்டேன்."

அந்தச் 'சும்மா' பல மாதங்கள் தொடர்ந்தது, பிறகு நின்றது. கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்த வீடுகள் நிமிரத்தான் செய்தன. தேசத்தையே இணைத்தவன் பன்னிரண்டு அடித் தெருவைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

சில ஆண்டுகள் கழித்துச் சிவப்புத் தொலைபேசி அடித்தது.

"அண்ணா, நான்தான். ஜன்னலாண்ட வாங்க!"

எதிர்வீட்டு வாசலில் காதில் மொபைலோடு நின்று கையாட்டினாள்.

"மொத போன் உங்களுக்குத்தான்ணா. இனிமே என் நம்பரே போட்டுக்குவேன். இத்தினி வருஷம் உங்களத்தான் ரொம்ப தொல்ல பண்ணிட்டேன்."

சொல்லியிருக்கலாம். "சந்தோஷம்மா" என்றேன்.

இப்போது தெருவில் ஆளுக்கொரு போன். தூசி தட்டும்போது அந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு அதே பன்னிரண்டு அடியில்தான் இருக்கிறது. அவளும் அங்கேதான் இருக்கிறாள்.